செல்லாத கல்யாணத்துக்கு வந்த பூங்கொத்து

இந்த வாரம் கல்யாண மேட்டர். ஒண்ணு ரெண்டு இல்ல, சுமார் 4,000 கல்யாணம். பந்தி கிடையாது, நாதஸ்வரம் கிடையாது, மொய் நோட்டு கிடையாது. சில ஜோடியில மாப்பிள்ளையே கிடையாது, ரெண்டு பேருமே பொண்ணு. சில ஜோடியில பொண்ணு கிடையாது, ரெண்டு பேருமே மாப்பிள்ளை. எல்லாத்துக்கும் மேல, இந்தக் கல்யாணம் செல்லுமா செல்லாதான்னு கல்யாணம் பண்ணிக்கிட்டவங்களுக்கே தெரியாது. தெரியாமலே ராத்திரி முழுக்க மழையில நின்னு கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க.

எல்லா காலேஜ் பட்டிமன்றத்துலயும் ஒரு தலைப்பு நிச்சயமா இருக்கும். 'சட்டம் மாறினால் சமூகம் மாறுமா, சமூகம் மாறினால் சட்டம் மாறுமா?' ரெண்டு அணியும் தொண்டை கிழியப் பேசும். நடுவர் கடைசியில 'ரெண்டும் சேர்ந்தே மாறணும்'னு சொல்லி பொன்னாடையோட கிளம்பிடுவார். ஆனா ரெண்டுமே மாறாம இருக்கற காலத்துல வாழ்றவங்க என்ன பண்றது? கையைக் கட்டிக்கிட்டு காத்திருக்கறதா? இந்த வாரக் கதை அவங்களோடது.

ஒரு ஃபாரம், ஒரு திருத்தம்

ஊர்: அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துல இருக்கற சான் பிரான்சிஸ்கோ. வருஷம்: 2004. அப்போ அமெரிக்காவுல ஒரு மாநிலத்துல கூட ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்க முடியாது. மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2003 நவம்பர்ல 'அனுமதிக்கணும்'னு தீர்ப்பு சொல்லியிருந்தது. ஆனா அது அமலுக்கு வர 2004 மே மாசம் வரைக்கும் டைம் இருந்தது. கலிஃபோர்னியா நிலைமை இதுக்கு நேர் எதிர். 2000-ம் வருஷம் அங்கே மக்கள்கிட்ட ஓட்டு வாங்கி, 'கல்யாணம்னா ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவுல மட்டும்தான்'னு சட்டமே போட்டிருந்தாங்க. 61 சதவிகிதம் பேர் அதுக்கு ஆதரவு.

அந்த ஊருக்குப் புதுசா வந்த மேயர் கேவின் நியூசம். வயசு 36. ஜனவரி 8-ம் தேதிதான் பதவியேற்பு. 12 நாள் கழிச்சு வாஷிங்டன்ல அதிபர் ஜார்ஜ் புஷ்ஷோட வருடாந்திர உரையைக் கேட்கப் போறார். கல்யாணம்னா ஆண்-பெண் கல்யாணம்தான், அதைக் காப்பாத்தியே ஆகணும்னு புஷ் பேசறார். ஊருக்குத் திரும்பின மேயர், 'நம்ம மாநில அரசியல் சட்டம் எல்லாரும் சமம்னு சொல்லுது. நான் சத்தியம் பண்ணினது அந்த அரசியல் சட்டத்துக்குத்தான்'ங்கற லாஜிக்கைப் பிடிச்சுக்கிட்டார். கல்யாண லைசென்ஸ் கொடுக்கற அதிகாரிக்கு பிப்ரவரி 10-ம் தேதி ஒரு லெட்டர் போச்சு. ஆண், பெண் பாகுபாடு இல்லாம லைசென்ஸ் கொடுக்க ஃபாரத்துல என்னென்ன மாத்தணும்னு பாருங்கன்னு.

என்ன மாத்தினாங்க தெரியுமா? 'மணமகன்', 'மணமகள்'னு இருந்த இடத்துல 'முதல் விண்ணப்பதாரர்', 'இரண்டாவது விண்ணப்பதாரர்'. அவ்வளவுதான்! கூடவே ஃபாரத்துல ஒரு எச்சரிக்கையும் சேர்த்தாங்க. 'தன்பாலின ஜோடிகளோட கல்யாணத்தை சான் பிரான்சிஸ்கோவைத் தவிர வேற எந்த ஊரும் செல்லும்னு ஏத்துக்காமப் போகலாம்.' சிகரெட் பாக்கெட்டுல அபாயம்னு போடற மாதிரி, கல்யாண ஃபாரத்துலயே அபாய அறிவிப்பு. படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்து போட்டாங்க. ஏமாந்தவங்க யாரும் இல்ல.

முதல் ஜோடிக்கு வயசு 82, 79

பிப்ரவரி 12, வியாழக்கிழமை. காலையில நடந்த முதல் கல்யாணம் டெல் மார்ட்டினுக்கும் பிலிஸ் லயனுக்கும். டெல்லுக்கு 82 வயசு, பிலிஸுக்கு 79. ரெண்டு பேரும் 1953 காதலர் தினத்தன்னிக்கு ஒண்ணா ஒரே வீட்டுல குடியேறினவங்க. அதாவது 51 வருஷக் குடித்தனத்துக்கு அப்புறம் கல்யாணம்! வெள்ளி விழா, பொன் விழா எல்லாம் முடிஞ்சு முகூர்த்தம் வந்த ஜோடி.

இவங்களை முதல்ல கூப்பிட்டதுக்குக் காரணம் வயசு மட்டும் இல்ல. 1955-ல சான் பிரான்சிஸ்கோவுல இவங்களும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து 'டாட்டர்ஸ் ஆஃப் பிலைடிஸ்'னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. அமெரிக்காவுல லெஸ்பியன் பெண்களுக்கான முதல் அமைப்புன்னு அறியப்படறது அதுதான். அடுத்த வருஷமே 'தி லேடர்'னு ஒரு பத்திரிகை. அந்தக் காலத்துல இந்த விஷயம் வெளியே தெரிஞ்சா வேலை போகும், வீடு போகும், போலீஸ் ரெய்டு வரும். அப்படிப்பட்ட நாள்ல பத்திரிகை நடத்தினவங்க.

சிட்டி ஹால்ல, பதிவு அதிகாரி மேபல் டெங் முன்னால கல்யாணம். ஒருத்தர் ஊதா நிற கோட்-பேன்ட், இன்னொருத்தர் வெளிர் நீலப்பச்சை கோட்-பேன்ட். இந்த டிரெஸ்ஸை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி ஒரு ஸீன்ல திரும்ப வரும். 'கணவன், மனைவி' என்கிற வார்த்தைக்குப் பதிலா 'வாழ்நாள் துணைவர்கள்'னு அறிவிச்சாங்க. சுத்தி இருந்தவங்க அழுதுட்டாங்க. விஷயம் ஊர் பூராவும் பரவினதும் கூட்டம் வர ஆரம்பிச்சது. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சுமார் 90 ஜோடிக்குக் கல்யாணம் முடிஞ்சது.

மழையில நின்ன க்யூ

அந்த வார இறுதி லாங் லீவு. சனிக்கிழமை காதலர் தினம், திங்கட்கிழமை அமெரிக்காவுல 'பிரசிடென்ட்ஸ் டே' விடுமுறை. ஆபீஸ் எல்லாம் பூட்டிக் கிடக்க வேண்டிய நாள். ஆனா சிட்டி ஹால் மட்டும் திறந்திருந்தது. நகராட்சி ஊழியர்கள் லீவு நாள்ல தாங்களாகவே வேலைக்கு வந்தாங்க. கல்யாணம் நடத்தி வைக்க ஆள் பத்தலைன்னு, தன்னார்வலர்களுக்கும் சத்தியப் பிரமாணம் பண்ணி வெச்சு அந்த அதிகாரம் கொடுத்தாங்க. 1954-ல மர்லின் மன்றோவும் பேஸ்பால் ஸ்டார் ஜோ டிமாஜியோவும் கல்யாணம் பண்ணிக்கிட்ட அதே கட்டடம். படிக்கட்டுல ஒரு ஜோடி, பால்கனியில ஒரு ஜோடி, தூணுக்குப் பக்கத்துல ஒரு ஜோடின்னு ஒரே நேரத்துல பல கல்யாணம். நம்ம ஊர்ல ஆவணி மாசம் நல்ல முகூர்த்த நாள்ல கோயில் மண்டபத்தைப் பார்த்திருப்பீங்களே, அந்தக் காட்சிதான்!

வெளியே க்யூ கட்டடத்தைச் சுத்தி வளைஞ்சு போச்சு. வேற மாநிலத்துல இருந்தெல்லாம் ராத்திரியோட ராத்திரியா கிளம்பி வந்திருந்தாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி செம மழை. குடை, பிளாஸ்டிக் ஷீட், ஸ்லீப்பிங் பேக்னு பிளாட்பாரத்துலயே படுத்துக்கிட்டாங்க. குழந்தைகளோட வந்தவங்க இருந்தாங்க. நாளைக்கே கோர்ட் தடை போட்டுடும்ங்கற பயம். அதனால இடத்தை விட்டு யாரும் அசையல.

அப்போதான் பூ வந்தது. மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ். சான் பிரான்சிஸ்கோவுல இருந்து 2,500 கிலோமீட்டர் தூரம். அந்த ஊர்க்காரர் ஒருத்தர் டிவியில இந்த க்யூவைப் பார்த்துட்டு, சான் பிரான்சிஸ்கோவுல இருக்கற ஒரு பூக்கடைக்கு போன் போட்டார். பூங்கொத்து அனுப்பணும். யாருக்கு? க்யூவுல நிக்கற ஏதாவது ஒரு ஜோடிக்கு. பேர்? தெரியாது. யாரா இருந்தாலும் சரி, மினியாபொலிஸ்ல இருந்து அன்போடன்னு கார்டு வெச்சுடுங்க. இதை அவர் நண்பர்களுக்குச் சொல்ல, அவங்க ஈமெயில்ல ஃபார்வர்டு பண்ண, நாட்டோட பல மூலையில இருந்தும் முகம் தெரியாத ஜோடிகளுக்குப் பூ வர ஆரம்பிச்சது. நனைஞ்சுக்கிட்டு நின்னவங்க கையில, யார் அனுப்பினாங்கன்னே தெரியாத பூங்கொத்து. பேர் எழுதாம வந்த மொய்!

அரைப்புள்ளி செஞ்ச உதவி

எதிர்த்தவங்க சும்மா இருக்கல. செவ்வாய்க்கிழமை கோர்ட் திறந்ததும் கேஸ். உடனே நிறுத்தணும்னு மனு. அந்த மனுவுல ஒரு வாக்கியம். அதுல 'அல்லது'ன்னு இருக்க வேண்டிய இடத்துல ஒரு அரைப்புள்ளி! நீதிபதி அதைப் பிடிச்சுக்கிட்டார். இந்த அரைப்புள்ளி சின்ன விஷயம் இல்ல, இப்படி எழுதியிருந்தா நீங்க கேட்கற உத்தரவோட அர்த்தமே மாறிடும்னுட்டார். அவங்க கேட்ட உடனடித் தடை அன்னிக்குக் கிடைக்கல. இங்கிலீஷ் கிராமர் கிளாஸ்ல தூங்கற மக்களே, உங்க கவனத்துக்கு!

ஆக, கல்யாணம் தொடர்ந்தது. பிப்ரவரி 24-ம் தேதி புஷ் டிவியில வந்து, தன்பாலினக் கல்யாணத்தைத் தடுக்க அமெரிக்க அரசியல் சட்டத்தையே திருத்தணும்னு கேட்டார். மார்ச் 11-ம் தேதி கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 'நிறுத்துங்க'ன்னு உத்தரவு போட்டது. சரியா நாலே வாரம். அதுக்குள்ள சுமார் 4,000 ஜோடி.

'உங்கள் கல்யாணம் செல்லாது'

ஆகஸ்ட் 12, 2004. முதல் கல்யாணம் நடந்து சரியா ஆறு மாசம். தீர்ப்பு வந்தது. சட்டம் தப்பா, சரியான்னு முடிவு பண்றது கோர்ட்டோட வேலை, மேயரோட வேலை இல்லன்னு ஏழு நீதிபதிகளும் ஒரே குரல்ல சொன்னாங்க. நடந்து முடிஞ்ச கல்யாணங்கள் ஆரம்பத்துல இருந்தே செல்லாதுன்னு அஞ்சு பேர் சொன்னாங்க. அதை இப்பவே முடிவு பண்ண வேண்டாம்னு ரெண்டு பேர் மாறுபட்டாங்க. அஞ்சுக்கு ரெண்டு. முடிஞ்சது கதை.

ஒவ்வொரு ஜோடிக்கும் கல்யாணம் செல்லாதுன்னு தெரிவிக்கணும், கேட்டா லைசென்ஸுக்குக் கட்டின ஃபீஸையும் திருப்பிக் கொடுக்கணும்னு உத்தரவு. யோசிச்சுப் பாருங்க. ஆறு மாசம் முன்னாடி கட்டிப்பிடிச்சு அழுத கல்யாணம். இப்போ கவர்ன்மென்ட்ல இருந்து தகவல் வருது: நடந்தது நடக்கவே இல்ல, வேணும்னா காசை வாங்கிக்குங்க. பஸ் கேன்சல் ஆன டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் தர்ற மாதிரி!

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். கோர்ட் சொன்னதுல நியாயமே இல்லன்னு தள்ளிட முடியாது. மேயருக்குப் பிடிக்காத சட்டத்தை மேயரே மீறலாம்னா, நாளைக்கு இன்னொரு ஊர் மேயர் உங்களுக்குப் பிடிச்ச ஒரு சட்டத்தை மதிக்க மாட்டேன்னு சொல்லலாம் இல்லையா? சொந்தக் கட்சிக்காரங்களே நியூசமைத் திட்டினாங்க. தன்னை கே-ன்னு வெளிப்படையா அறிவிச்ச எம்.பி. பார்னி ஃப்ராங்க் கூட இந்த அவசரம் ஆபத்துன்னு எதிர்த்தார். அந்த வருஷம் நவம்பர் 2-ம் தேதி தேர்தல்ல, 11 மாநிலங்கள்ல தன்பாலினக் கல்யாணத்துக்குத் தடை போடலாமான்னு மக்கள்கிட்ட ஓட்டு கேட்டாங்க. 11-லயும் தடை ஜெயிச்சது. சான் பிரான்சிஸ்கோ கல்யாண போட்டோக்களைப் பார்த்து மிரண்டுதான் மக்கள் இப்படி ஓட்டு போட்டாங்கன்னு பலரும் சொன்னாங்க. சான் பிரான்சிஸ்கோவோட முன்னாள் மேயர், செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைனும், இது ரொம்ப வேகம், ரொம்ப சீக்கிரம்னுதான் கருத்து சொன்னார்.

அப்போ அந்த 4,000 கல்யாணமும் வேஸ்ட்டா?

நம்ம ஊர்க் கணக்கு ஒண்ணு

சட்டம் ஏத்துக்கறதுக்கு முன்னாடியே கல்யாணம் பண்ணிக்கறது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. 1920-களோட கடைசியில இருந்து இங்கே சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்ல, மந்திரம் இல்ல, அக்னி இல்ல. மாலை மாத்தி, நாலு பேர் வாழ்த்திப் பேசினா கல்யாணம். இது சட்டப்படி செல்லாதுன்னு 1950-கள்ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதுக்கப்புறமும் இப்படிக் கல்யாணம் பண்றதை யாரும் நிறுத்தல. செல்லாதுன்னு தெரிஞ்சேதான் பண்ணிக்கிட்டாங்க. 1967-ல அண்ணா முதல்வரா இருந்தப்போ சட்டம் வந்தது. இனிமே நடக்கப்போற கல்யாணத்துக்கு மட்டும் இல்ல, ஏற்கெனவே நடந்து முடிஞ்ச சுயமரியாதைக் கல்யாணங்களுக்கும் சேர்த்து அங்கீகாரம் கொடுத்தது.

ரெண்டு போராட்டமும் ஒண்ணுன்னு சொல்ல வரல. காரணம் வேற, எதிரி வேற. ஆனா செல்லாத கல்யாணத்தை ஊரைக் கூட்டிப் பண்ணினதுதான் ரெண்டு இடத்துலயும் நடந்தது. ஒரு பெரிய வித்தியாசம் என்னன்னா, நம்ம ஊர் சட்டம் பழைய கல்யாணங்களுக்கு உயிர் கொடுத்தது. சான் பிரான்சிஸ்கோவோட அந்த 4,000 கல்யாணத்துக்கு அந்த பாக்கியம் கிடைக்கல. கடைசி வரைக்கும் அது செல்லாமலே போச்சு. வேணும்னா மறுபடி முதல்ல இருந்து கல்யாணம் பண்ணிக்கணும்.

ஒரு பேப்பருக்கு என்ன மதிப்பு?

'லவ் இருந்தா போதாதா, பேப்பர் எதுக்கு?'ன்னு ஒரு டயலாக் உண்டு. சினிமாவுக்கு ஓகே. 2004 ஜனவரியில அமெரிக்க அரசாங்கத்தோட தணிக்கை அமைப்பு ஒரு கணக்கு வெளியிட்டது. ஒருத்தருக்குக் கல்யாணம் ஆயிருக்கா இல்லையாங்கறதைப் பொறுத்து உரிமையோ சலுகையோ மாறற மத்திய சட்டப் பிரிவுகள் மொத்தம் 1,138. வரி, பென்ஷன், குடியுரிமை, சொத்துன்னு எல்லாம் அதுல அடங்கும்.

நியூயார்க்ல எடித் விண்ட்ஸரும் தீயா ஸ்பயரும் 40 வருஷத்துக்கு மேல ஒண்ணா வாழ்ந்தாங்க. அமெரிக்காவுல முடியாதுன்னு 2007-ல கனடாவோட டொரண்டோவுக்குப் போய் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 2009-ல தீயா இறந்துட்டார். கணவன் சொத்து மனைவிக்கு வந்தா மத்திய அரசு எஸ்டேட் வரி கேட்காது. ஆனா எடித்துக்கு 3,63,053 டாலர் வரி வந்தது. மத்திய அரசு கண்ணுல இவங்க ரெண்டு பேரும் யாரோ, எவரோ! எடித் கேஸ் போட்டார். 2013 ஜூன் 26-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துல ஜெயிச்சார்.

இன்னொரு ஜோடி ஜிம் ஓபர்கஃபெல், ஜான் ஆர்தர். ஒஹையோ மாநிலத்து சின்சினாட்டி ஊர்க்காரங்க. ஜானுக்கு உடம்பு கொஞ்சம் கொஞ்சமா செயலிழந்து போற ஏ.எல்.எஸ். நோய். படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. அவங்க மாநிலத்துல கல்யாணத்துக்குத் தடை. சொந்தக்காரங்களும் நண்பர்களும் பணம் போட்டு, நோயாளிகளை ஏத்திட்டுப் போற விமானம் ஒண்ணை ஏற்பாடு பண்ணினாங்க. 2013 ஜூலை 11-ம் தேதி அந்த விமானம் மேரிலாந்து மாநிலத்துல இறங்கினது. ரன்வே ஓரமா, விமானத்துக்குள்ளேயே ஜானோட அத்தை கல்யாணத்தை நடத்தி வெச்சார். முடிஞ்சதும் அப்படியே டேக்-ஆஃப், வீட்டுக்கு. மூணு மாசம் கழிச்சு, அக்டோபர்ல ஜான் இறந்துட்டார்.

ஜிம் கேட்டது பணம் இல்ல, வீடு இல்ல. ஜானோட இறப்புச் சான்றிதழ்ல, 'உயிரோடிருக்கும் துணை' என்கிற இடத்துல தன் பேர் இருக்கணும். அவ்வளவுதான். அதுக்கு ஒஹையோ முடியாதுன்னது. அந்த ஒரு வரிக்காகப் போட்ட கேஸ்தான் நாட்டையே மாத்தினது. 2015 ஜூன் 26, அஞ்சுக்கு நாலுன்னு தீர்ப்பு. அமெரிக்காவோட 50 மாநிலத்துலயும் தன்பாலினக் கல்யாணம் செல்லும். கேஸுக்குப் பேரே 'ஓபர்கஃபெல்'.

அதே டிரெஸ், ரெண்டாவது கல்யாணம்

டெல், பிலிஸ் பாட்டிகள் என்ன ஆனாங்க? கல்யாணம் ரத்தானதும் அவங்களும் இன்னும் பல ஜோடிகளும் சேர்ந்து கேஸ் போட்டாங்க. சான் பிரான்சிஸ்கோ நகரமும் தனியா கேஸ் போட்டது. இந்தத் தடவை மேயர் முடிவு பண்ணல. கோர்ட்டே முடிவு பண்ணட்டும்னு முறைப்படி போனாங்க. நாலு வருஷம் ஆச்சு. 2008 மே 15-ம் தேதி கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், தடை செல்லாதுன்னு நாலுக்கு மூணுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. தீர்ப்பை எழுதினவர் தலைமை நீதிபதி ரொனால்டு ஜார்ஜ். 2004-ல 'கல்யாணம் செல்லாது'ன்னு தீர்ப்பு எழுதினாரே, அதே ஜார்ஜ்தான்! அன்னிக்கு அவர் முன்னால இருந்த கேள்வி மேயருக்கு அதிகாரம் இருக்கா என்பது. இன்னிக்குக் கேள்வி, தடை நியாயமா என்பது. கேள்வி மாறினதும் பதிலும் மாறிடுச்சு.

2008 ஜூன் 16. அதே சிட்டி ஹால். டெல்லுக்கு 87 வயசு, பிலிஸுக்கு 83. மேயர் நியூசமே கல்யாணத்தை நடத்தி வெச்சார். டிரெஸ்? 2004-ல போட்ட அதே ஊதா, அதே நீலப்பச்சை! பட்டுப்புடவையைப் பீரோவுல பத்திரமா மடிச்சு வெச்சு எடுத்துக் கட்டற மாதிரி. இந்தத் தடவை கல்யாணம் சட்டப்படி செல்லும். எத்தனை நாள்? ஆகஸ்ட் 27-ம் தேதி டெல் இறந்துட்டார். 55 வருஷம் சேர்ந்து வாழ்ந்ததுல, சட்டம் மதிச்ச கல்யாண வாழ்க்கை ரெண்டு மாசமும் சில நாளும்தான்.

அந்த நவம்பர்ல இன்னொரு அடி. 'ப்ரொபோசிஷன் 8'னு ஒரு வாக்கெடுப்பு. 52 சதவிகித ஓட்டோட தன்பாலினக் கல்யாணத்துக்குக் கலிஃபோர்னியாவுல மறுபடி தடை. இடைப்பட்ட சில மாசத்துல கல்யாணம் பண்ணிக்கிட்ட சுமார் 18,000 ஜோடியோட கல்யாணம் மட்டும் செல்லும்னு 2009-ல கோர்ட் சொன்னது. பிலிஸ் சட்டப்படி டெல்லோட மனைவியாவே இருந்தார். 2013-ல தடை விலகினதையும், 2015-ல நாடு முழுக்க மாறினதையும் பார்த்துட்டு, 2020 ஏப்ரல்ல 95-வது வயசுல இறந்தார். ப்ரொபோசிஷன் 8-ஐ கலிஃபோர்னியா மக்களே ஓட்டு போட்டு அரசியல் சட்டத்துல இருந்து எடுத்தது 2024 நவம்பர்ல.

வேஸ்ட் இல்ல!

அந்தக் கேள்விக்கு வருவோம். 2004 கல்யாணம் வேஸ்ட்டா? சட்டக் கணக்குல பார்த்தா பூஜ்யம். ஒரு கல்யாணம் கூட நிக்கல. தேர்தல் கணக்குல பார்த்தா நஷ்டம்னு கூட சொல்லலாம். ஆனா அந்த நாலு வாரத்துக்கு முன்னாடி, தன்பாலினக் கல்யாணம்னா அமெரிக்காவுல பெரும்பாலானவங்களுக்கு அது ஒரு விவாதம். டிவியில ரெண்டு பேர் கோட் போட்டு உட்கார்ந்து சண்டை போடற விஷயம். அந்த நாலு வாரத்துல அது கையில குழந்தையோட மழையில நனையற ஒரு குடும்பமா தெரிஞ்சது. 51 வருஷம் சேர்ந்து வாழ்ந்த ரெண்டு பாட்டிகளோட முகமா தெரிஞ்சது. காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்புல, 1996-ல தன்பாலினக் கல்யாணத்தை ஆதரிச்ச அமெரிக்கர்கள் 27 சதவிகிதம். 2015-ல 60 சதவிகிதம். இது முழுக்க அந்த க்யூவால வந்ததுன்னு சொன்னா அது டூ மச். ஆனா முகம் பார்க்காம மனசு மாறினவங்க கம்மி.

இன்னொண்ணும் இருக்கு. அந்த ரத்து மட்டும் நடக்கலைன்னா 2008 தீர்ப்புக்கான கேஸ் அந்த வேகத்துல கோர்ட்டுக்குப் போயிருக்குமா? செல்லாத அந்த சர்ட்டிஃபிகேட்தான் செல்லற சர்ட்டிஃபிகேட்டுக்கு விதை. ஃபாரத்துல இருந்த எச்சரிக்கையைப் படிச்சும் கையெழுத்து போட்டாங்களே, அவங்களுக்கு இது எதுவும் அப்போ தெரியாது. ஜெயிப்போம்னு கேரன்டி இல்ல. பக்கத்துல நிக்கறவங்களை எல்லார் முன்னாடியும் 'இவங்க என் துணை'ன்னு ஒரு தடவை சொல்லிடணும். அதுக்குத்தான் அவ்வளவு நேரம் நின்னாங்க.

கேன்டீன்ல டீ ஆறுறதுக்குள்ள பேசி முடிக்க முடியாத ஒரு கேள்வியை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். அந்த மேயர் பண்ணினது தப்பா, சரியா? சட்டத்தை மீறினவர்னு சொல்றவங்க ஒரு பக்கம் உட்காருங்க, சட்டத்துக்கு வழி காட்டினவர்னு சொல்றவங்க எதிர்ப்பக்கம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும், மினியாபொலிஸ்ல இருந்து பூ அனுப்பினாரே ஒருத்தர், அவரை மறந்துடாதீங்க. கேஸ் போடல, ஓட்டு கேட்கல, மேடையில பேசல. முகம் தெரியாத யாரோ ரெண்டு பேர் சந்தோஷமா இருக்கணும்னு ஒரு போன் பண்ணினார். அந்த அளவுக்கு நம்ம எல்லாராலயும் முடியும்தானே?

அடுத்த வாரம் வேற மேட்டரோட வர்றேன். வரட்டா!